800 டன் உப்பு: மழைக்கு முன் விற்பதா, தை வரை வைத்திருப்பதா?

உப்பளத்தான் | செப்டம்பர் 22, இரவு 9.40

வணக்கம். தூத்துக்குடிக்குத் தெற்கே பத்து ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். கடைசிப் பாத்தியையும் வாரியாயிற்று. 800 டன் உப்பு இரண்டு அம்பாரமாக நிற்கிறது. வியாபாரி டன்னுக்கு 1,800 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். மழைக்காலத்தைத் தாண்டித் தை வரை வைத்திருந்தால் 2,600 வரை போகும் என்பது என் எண்ணம். இடையில் பெருமழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

நிச்சயமில்லாத நேரத்தில் தொழில் முடிவுகளை எடுக்க, நடக்கக்கூடிய ஒவ்வொன்றையும் ஒரு கிளையாக எழுதும் ‘முடிவு மரம்’ வரையலாம் என்று படித்தேன். மூன்று இரவு உட்கார்ந்து ஒரு முழுத் தாளில் வரைந்திருக்கிறேன்.

இப்போதே விற்றால் 14.40 லட்சம். அந்தக் கிளை அங்கேயே முடிந்துவிடுகிறது.

வைத்திருந்தால் மூன்று கிளைகள். வழக்கமான மழை என்றால் பத்தில் ஒரு பங்கு கரையும், 720 டன் மிஞ்சும், விலை 2,600. வெள்ளம் வந்தால் பத்தில் ஏழு பங்கு போய்விடும், 240 டன்தான் மிஞ்சும், ஆனால் தட்டுப்பாட்டில் விலை 4,000 வரை ஏறும். மழை பொய்த்தால் 776 டன் மிஞ்சும், ஆனால் எல்லோரும் முன்கூட்டியே பாத்தியில் இறங்கிவிடுவார்கள் என்பதால் விலை 1,700தான். மூன்று கிளைகளிலும் மூடுவதற்கும் காவலுக்குமாக ஒரு லட்சம் செலவு உண்டு.

வழக்கமான மழைக்கு நூற்றுக்கு 55, வெள்ளத்துக்கு 15, பொய்ப்பதற்கு 30 என்று வாய்ப்புப் போட்டேன். ஒவ்வொரு கிளையில் வரும் பணத்தையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 14.69 லட்சம் வருகிறது. விற்பதைவிட 29,000 ரூபாய் அதிகம். ஆகவே ‘வைத்திரு’ என்கிறது மரம். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த இடத்தில் தவறு செய்திருக்கிறேன்?

பழைய_கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 22, இரவு 10.15

தம்பி, உப்பளங்களில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவன் நான். வரவு செலவை எழுதலாம். வராத மழையை எப்படி எழுதுவீர்கள்? 55, 15, 30 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? உங்கள் மனதிலிருந்துதானே? மனதில் தோன்றியதைப் பெருக்கிக் கூட்டினால் மட்டும் அது உண்மையாகிவிடுமா?

மதுரைக்_கணக்கு | செப்டம்பர் 23, காலை 6.20

வணிகவியல் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறேன். உங்கள் தாளைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. கூட்டல் சரி. கிளைகளையும் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள். மழை பொய்த்தாலும் உங்களுக்கு நட்டம் என்பதைப் பலர் எழுத மறந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு கேள்வி. கடன் உண்டா? இருந்தால் எவ்வளவு, என்ன வட்டி, எப்போது கட்ட வேண்டும்?

உப்பளத்தான் | செப்டம்பர் 23, காலை 7.05

8 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீதம். உப்பு விற்றதும் கட்டுவதாக ஏற்பாடு, அதிகபட்சம் தை வரை பொறுப்பார்கள். தவிர, அடுத்த பருவத்துக்கு ஆள் பிடிக்கத் தையில் 2 லட்சம் முன்பணம் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆட்கள் வேறு அளத்துக்குப் போய்விடுவார்கள்.

மதுரைக்_கணக்கு | செப்டம்பர் 23, காலை 7.50

அப்படியென்றால் தாளில் இல்லாத இரண்டு எண்கள் கிடைத்துவிட்டன. முதலாவது, நான்கு மாத வட்டி 32,000 ரூபாய். இன்றே விற்றால் அது மிச்சம். அதைக் கழித்தால் ‘வைத்திரு’ என்ற கிளையின் மதிப்பு 14.69இலிருந்து 14.37 லட்சமாக இறங்குகிறது. விற்றால் 14.40. நேற்று இரவு 29,000 ரூபாய் முன்னால் நின்ற கிளை, இன்று காலை 3,000 ரூபாய் பின்னால் நிற்கிறது.

மூவாயிரத்துக்காக முடிவெடுக்கச் சொல்லவில்லை. இரண்டு வழியும் சமம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, எந்த எண்ணைத் தொட்டால் மரம் ஆடுகிறது என்பது. வெள்ள வாய்ப்பை 15இலிருந்து 10 ஆக்கி, அந்த ஐந்தை வழக்கமான மழைக்குக் கொடுங்கள். வைத்திருப்பது 43,000 ரூபாய் லாபமாகிறது. 20 ஆக்கினால் 48,000 ரூபாய் நட்டம். தை விலை 2,600க்குப் பதில் 2,500 என்று வைத்தால் ‘வைத்திரு’ கிளையின் மதிப்பு ஏறக்குறைய 40,000 குறைகிறது. ஆக, வெள்ளத்தைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறீர்களோ அதே அளவு தை விலையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். குஜராத் உப்பு இங்கே வந்து இறங்கினால் 2,600 நிற்குமா? இதை வானிலை ஆய்வு மையம் சொல்லாது, மூடை வியாபாரிகள் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை ஐயாவின் கேள்வி நியாயமானது. அதற்கு இன்று மாலை எழுதுகிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

கடலோரக்_காற்று | செப்டம்பர் 23, மதியம் 2.10

எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்குச் சேர்த்தே சராசரி 44 சென்டிமீட்டர்தான்.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு அம்மாவும் நானும் அளத்துக்குப் போனோம். மூன்று ஆள் உயரம் நின்ற அம்பாரம் என் இடுப்பளவுக்கு வந்திருந்தது. மேலே போட்டிருந்த தார்ப்பாய் கரையாத உப்பின் மேல் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கிடந்தது. அம்மா ஒரு முனையைத் தூக்கினார். உள்ளே உப்பு சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக, சேறு கலந்து. ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘இதைத் தோல் பதனிடுகிறவர்கள்கூட வாங்க மாட்டார்கள்’ என்றார்.

உங்கள் மரத்தில் வெள்ளக் கிளையில் மிஞ்சும் 240 டன்னுக்கு 4,000 விலை போட்டிருக்கிறீர்கள், அண்ணாச்சி. விலை ஏறியது உண்மை. ஆனால் சுத்தமான உப்பு வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்த விலை கிடைத்தது.

உப்பளத்தான் | செப்டம்பர் 23, மதியம் 2.45

அக்கா, அந்தக் கிளையை எழுதும்போது நான் விலையை மட்டும்தான் நினைத்தேன், உப்பின் தரத்தை நினைக்கவில்லை. 4,000 என்பதை அடித்துவிட்டேன். என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

மதுரைக்_கணக்கு | செப்டம்பர் 23, மாலை 6.30

ஐயா, நீங்கள் கேட்டது இந்தத் துறையின் பழைய கேள்வி. ‘முடிவுப் பகுப்பாய்வு’ என்ற பெயரை 1966இல் ரொனால்ட் ஹோவர்ட் வைத்தார். அவர் ஸ்டான்ஃபோர்டில் கற்பித்தவர். தொழில் நடத்துகிறவர்களிடம் போய் ‘நிகழ்தகவு எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் வராது என்பது அந்தத் துறையினருக்குத் தெரியும். அதனால் இரு நிறம் பூசிய ஒரு சக்கரத்தைக் கையில் கொடுப்பார்கள். நம்மிடம் சோழி இருக்கிறது.

உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். ஒரு பையில் இருபது சோழிகள். அதில் ஒன்று கறுப்பு. கண்ணை மூடி எடுத்துக் கறுப்பு வந்தால் பத்தாயிரம் ரூபாய் உங்களுக்கு. அல்லது, இந்த ஆண்டு அம்பாரத்தைக் கரைக்கும் அளவுக்கு வெள்ளம் வந்தால் அதே பத்தாயிரம். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? வெள்ளம் வர வேண்டும் என்று யாரும் விரும்பவில்லை, எது நடக்கக்கூடியது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பழைய_கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 23, இரவு 8.00

இருபதில் ஒன்று என்றால் வெள்ளத்தைத்தான் எடுப்பேன். அது அதைவிட அடிக்கடி வருகிறது.

மதுரைக்_கணக்கு | செப்டம்பர் 23, இரவு 8.10

இருபதில் ஐந்து சோழி கறுப்பு என்றால்?

பழைய_கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 23, இரவு 8.40

சோழியை எடுப்பேன். நான்கு வருடத்துக்கு ஒரு முறை அப்படி வருவதில்லை. 1992இல் தாமிரபரணி பெருகியது, 2015இல் ஊருக்குள் தண்ணீர், 2021இலும் நவம்பரில் நல்ல அடி, பிறகு 2023. ஆனால் எல்லா வெள்ளத்திலும் எல்லா அளமும் போகவில்லை. மேட்டு அளம் தப்பிக்கும். இரண்டு என்றாலும் மூன்று என்றாலும் எனக்கு எதை எடுப்பதென்று தெரியவில்லை.

மதுரைக்_கணக்கு | செப்டம்பர் 23, இரவு 8.55

இருபதில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, நூற்றுக்கு 10 முதல் 15. உப்பளத்தாரின் எண் அந்த வரம்பின் மேல் முனையில் இருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் பார்த்ததை இரண்டே கேள்வியில் எண்ணாக்கிவிட்டீர்கள், ஐயா. எண் மனதிலிருந்துதான் வருகிறது. தாளில் எழுதினால் ‘மேட்டு அளமா, பள்ளமா?’ என்று அடுத்தவர் கேட்க முடிகிறது. மனதுக்குள்ளேயே இருந்தால் கேட்க வழியில்லை.

உப்பளத்தாரே, உங்களுடையது எது?

உப்பளத்தான் | செப்டம்பர் 23, இரவு 9.20

பள்ளம். உப்பாற்று ஓடைக்குப் பக்கம்.

பழைய_கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 23, இரவு 9.30

அப்படியானால் 15 போதாது, தம்பி.

எண்ணெய்க்கிணறு | செப்டம்பர் 24, காலை 5.30

வளைகுடாவில் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் இருபது வருடமாக இந்த மரங்களோடுதான் பிழைப்பு. இந்த முறை தொழிலுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று எங்கள் துறை. அமெரிக்காவில் கிணறு தோண்டுகிறவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஜாக்சன் கிரேசன் ஆராய்ந்து 1960இல் வெளியிட்டார். எண்ணெய் இருக்கிறதா, வறண்ட கிணறா என்பது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரே கிணறு, ஒரே வாய்ப்பு என்றாலும் ஒருவர் துணிந்து இறங்குவார், இன்னொருவர் விலகிவிடுவார். இரண்டு பேரும் அறிவாளிகள்தான். கையிருப்பும் இழப்பைத் தாங்கும் தெம்பும் ஆளுக்கு ஆள் வேறு.

இதைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் கணக்கு அதைவிடப் பழையது. டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞர் 1738இல் எழுதியது. பீட்டர்ஸ்பர்க் வணிகர் ஒருவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறார். ஊர் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிள். அந்தக் கடலில் நூறு கப்பலில் ஐந்து மூழ்கும். அப்படியானால் சராசரி இழப்பு 500 ரூபிள். ஆனால் காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள். சராசரியை மட்டும் பார்த்தால் கொடுக்கக் கூடாது. பெர்னூலி வேறு மாதிரி கேட்டார்: இந்தச் சரக்கு போக, வணிகரிடம் வேறு சொத்து எவ்வளவு இருக்கிறது? 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால் 800 கொடுத்துக் காப்பீடு செய்வதே அறிவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதே சரக்கு, அதே கடல், ஆனால் செல்வந்தருக்கு ஒரு விடை, இவருக்கு வேறு விடை.

உப்பளத்தாரே, உங்களுக்குத் தூக்கம் வராததன் காரணம் அதுதான். உங்கள் தாளில் வெள்ளக் கிளை 8.60 லட்சம் என்று முடிகிறது. வட்டி போனால் 8.28. உங்களுக்குத் தையில் தேவை கடனுக்கு 8, ஆட்களுக்கு 2, ஆக 10 லட்சம். அந்தக் கிளையில் நட்டம் மட்டும் வரவில்லை. அடுத்த பருவத்தில் பாத்தியில் இறங்க ஆள் இல்லை. குத்தகை நிலம் கையை விட்டுப் போகலாம். சராசரி எடுக்கும்போது அது 15 சதவீதமாகக் கரைந்து காணாமல் போகிறது. ஐந்நூறு ஏக்கர் வைத்திருக்கிற பெரிய அளக்காரர் இதே மரத்தை வரைந்து ‘வைத்திரு’ என்று முடிவெடுக்கலாம். அவருக்கு அது சரியான முடிவு. உங்களுக்குச் சரியில்லை.

பெர்னூலி இன்னொன்றும் சொன்னார். சரக்கை ஒரே கப்பலில் ஏற்றாதே, இரண்டில் பிரித்து ஏற்று. எங்கள் தொழிலில் சிறியவர்கள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு கிணற்றை முழுதாக எடுப்பதற்குப் பதில் நான்கு கிணறுகளில் கால் பங்கு எடுப்பார்கள்.

ஈரோட்டு_மஞ்சள் | செப்டம்பர் 24, காலை 9.00

நாங்கள் மஞ்சளில் இதைக் கணக்கில்லாமலேயே செய்கிறோம். மொத்தச் சரக்கையும் ஒரே நாளில் ஏலத்துக்குக் கொண்டுபோக மாட்டோம். ஆனால் மஞ்சள் கிடங்கில் இரண்டு வருடம்கூடக் கிடக்கும், விலைக்காகக் காத்திருக்கலாம். உப்புக்கு மழைதான் கெடு.

மதுரைக்_கணக்கு | செப்டம்பர் 24, மாலை 5.45

எண்ணெய்க்கிணறு சொன்னதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். 2 லட்சம் முன்பணத்தைக் கேட்டு வாங்கிவிட்டு வட்டியோடு நிறுத்திவிட்டேன். மன்னிக்கவும்.

விட்டுப்போன இன்னொன்று உண்டு. வருணனே இறங்கி வந்து இந்த ஆண்டு எப்படி என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுக்கலாம்? உங்கள் முதல் எண்களை வைத்தே போடுகிறேன். வழக்கமான மழை என்று சொன்னால் வைத்திருப்பீர்கள், வட்டி போக 17.40 லட்சம். வெள்ளம் என்றாலும் பொய்ப்பு என்றாலும் இன்றே விற்பீர்கள், 14.40. வாய்ப்புகளால் பெருக்கினால் 16.05 லட்சம். இப்போது எட்டக்கூடியது 14.40. வித்தியாசம் 1.65 லட்சம். முழு உண்மைக்கே அதிகபட்ச விலை அவ்வளவுதான். அரைகுறைத் தகவலுக்கு அதில் ஒரு பங்கு. ஆனாலும் மூவாயிரம் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. அதாவது விற்பதா, வைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிடத் தகவல் தேடுவதில்தான் பலன் அதிகம்.

வடகிழக்குப் பருவமழைக்கான முன்னறிவிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவம் தொடங்கும் தறுவாயில் வெளியிடும். பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நம் பக்கம் மழை கூடுதலாகப் பெய்யும் போக்கு உண்டு, 2023ம் அப்படிப்பட்ட ஆண்டுதான். மூன்று வாரம் பொறுத்தால் வட்டி 5,500 ரூபாய் போகும். அந்தத் தகவலுக்கு இந்த விலை அதிகமில்லை.

பழைய_கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 24, இரவு 7.30

அம்மா, நீங்கள் சொல்வது தாளில் சரி. ஆனால் அந்த அறிவிப்பை எல்லோரும் கேட்பார்கள். கூடுதல் மழை என்று சொன்ன மறுநாள் ஒவ்வொரு அளத்திலும் லாரிக்கு வரிசை நிற்கும். வியாபாரி டன்னுக்கு நூறு ரூபாய் குறைப்பார். 800 டன்னுக்கு 80,000 போச்சு. லாரியும் கிடைக்காது. இதை நான் பல புரட்டாசியில் பார்த்திருக்கிறேன்.

மதுரைக்_கணக்கு | செப்டம்பர் 24, இரவு 7.50

இந்தக் கிளை என் மரத்தில் இல்லை, ஐயா. சேர்த்துவிட்டேன். முழுச் சரக்கோடு காத்திருப்பது சரியில்லை.

உப்பளத்தான் | செப்டம்பர் 25, இரவு 10.30

இன்று மாலை முழுவதும் அண்ணனும் நானும் உட்கார்ந்து புதிதாக வரைந்தோம். இந்த முறை முதலில் எழுதியது தையில் கையில் இருக்க வேண்டிய பணம். பிறகுதான் கிளைகள்.

500 டன்னை இப்போதே விற்கிறோம். 9 லட்சம். அதில் 8 லட்சம் கடன் அடைகிறது, வட்டியே கிடையாது. ஒரு லட்சம் கையில். மீதி 300 டன் அக்டோபர் இரண்டாம் வாரம் வரை நிற்கும். வெள்ள வாய்ப்பை 20 ஆக்கினோம், மிஞ்சும் உப்பின் விலையை 4,000இலிருந்து 2,000 ஆக்கினோம். அந்த 300 டன்னில் வெள்ளக் கிளைக்கு 90 டன், 1.80 லட்சம். மூடும் செலவு 40,000 போனால் 1.40. கையிலிருக்கும் ஒரு லட்சத்தோடு 2.40 லட்சம். ஆட்களுக்கு முன்பணம் கொடுக்க முடிகிறது. இந்த எண்களில் வைத்திருப்பதன் சராசரி, இன்றே விற்பதைவிடக் குறைவாகத்தான் வருகிறது. அதனால் அக்டோபரில் வரும் அறிவிப்பு நன்றாக இல்லாவிட்டால், விலை நூறு குறைந்தாலும் அந்த முந்நூறையும் தள்ளிவிடுவோம். 300 டன்னுக்கு 30,000 இழப்பு, அது தாங்கும். லாரிக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல வருடங்களுக்கு முன் அப்பா ஐப்பசிக்கு முன்னால் மொத்த உப்பையும் விற்றார். அந்தத் தையில் விலை இரண்டு மடங்காகியது. பக்கத்து அளக்காரர் வீடு கட்டினார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அப்பா இருந்தவரை ஓயவில்லை. இன்று அந்த வருடக் கணக்கு நோட்டை அண்ணன் பரணிலிருந்து எடுத்தார். அப்போது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க நகைக் கடை பாக்கியும் மண்டபத்துக்கு முன்பணமும்தான். அந்தப் பணத்தை மழையில் வைக்க அவரால் முடிந்திருக்காது. அண்ணன் அந்தப் பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினார். அம்மா நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நாளை காலை முதல் லாரி எடை மேடைக்குப் போகிறது. கணக்குப்பிள்ளை ஐயா, 300 டன் அம்பாரத்துக்கு ஓலை போதுமா, தார்ப்பாயும் வேண்டுமா?

பழைய_கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 26, காலை 5.50

இரண்டும் வேண்டும், தம்பி. அதற்கு முன் அம்பாரத்தைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி ஓடைப் பக்கம் வடிகால் விடுங்கள். உங்களுடையது பள்ள அளம், மேலிருந்து விழும் தண்ணீரைவிட அடியில் தேங்கும் தண்ணீர்தான் முதலில் கரைக்கும். தார்ப்பாயின் ஓரத்துக்கு மண் மூடை வையுங்கள், கல் வேண்டாம், கிழித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன். அந்தத் தாளையும் எடுத்து வையுங்கள், பார்க்க வேண்டும்.